கஞ்சியில் உப்பில்லை

குழாயை எடுத்த மறுநாள்
நீ சொன்ன முதல் வார்த்தை
என் பெயரல்ல,
கர்த்தரின் நாமமும் அல்ல.
"கஞ்சியில் உப்பில்லை."

தாதி சிரித்தாள்.
நான் தாழ்வாரத்துக்குப் போய்
காப்பி இயந்திரத்தின் மேல் நெற்றியைச் சாய்த்து
ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றேன்.
நெற்றி எந்தப் பொத்தானில் பட்டதோ,
கோப்பை வைக்காமலே
அது பால் ஊற்றத் தொடங்கியது.

ஹெர்லூஃப், உனக்குத் தெரியாது.
ஹெலிகாப்டர் உன்னை எடுத்துக்கொண்டு
வாவுர் மலைக்கு மேல் மூடுபனிக்குள் போன மாலை
நான் ஜெபிக்கவில்லை.
அலமாரியைத் திறந்தேன்.
உன் கறுப்புக் கோட்டை எடுத்துப்
பொத்தான்களை எண்ணினேன்.
ஒன்று குறைந்தது.
கையில் கிடைத்த நூலால் தைத்தேன்,
பெட்டிக்குள் நீ அரைகுறையாய்ப் படுக்கக் கூடாதென்று.
கடுகுவிதை அளவு போதுமென்றார் ஆண்டவர்.
அன்றிரவு எனக்குக் கடுகும் பெரிதாயிருந்தது.

கப்பல் காலையில்தான்.
இரண்டு மணி நேரமும் உன்னோடு சண்டை:
இருமலைக் காற்று காற்று என்று சொல்லியே
அக்டோபர் முழுக்க ஆடுகளின் பின்னால் ஓடியதற்கு.
உன்னைத் திட்டி முடித்த பிறகு
அவரைத் திட்டினேன்.
அவரும் உன்னைப் போலத்தான்,
பதில் பேசவில்லை.

தோர்ஸ்ஹவ்னில் மருத்துவர் சொன்னார்:
"காத்திருப்போம்."
எங்கள் கரையில் அந்தச் சொல்லுக்கு
ஒரே பொருள்.
படகு இன்னும் திரும்பவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ரெகின்.
அதே காய்ச்சல், அதே குழாய், அதே ஊர்.
அவன் மனைவி பில்லாவும் நானும்
ஒரே நூல்பந்தின் இரு முனைகளில் பின்னினோம்,
அவள் ஒரு கையுறை, நான் ஒன்று.
அவள் ஜெபத்தில் சங்கீதங்கள் இருந்தன,
வரிசையாக, வசனம் தப்பாமல்.
என்னுடையதில் இருந்தது ஒரு சொல்:
விடாதேயும். விடாதேயும். விடாதேயும்.

பதினோராம் நாள் விடியலில்
ரெகினின் கட்டிலை ஈரத்துணியால் துடைத்தார்கள்.
பில்லா தன் நூல்முனையை அறுக்கவில்லை.
பாதிக் கையுறையைப் பந்தோடு சேர்த்து
என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏன் இவன், ஏன் அவனில்லை என்று
கேட்கக் கூடாது என்பார்கள். கேட்டேன்.
ஜன்னலில் மழைதான் அடித்தது.
பதில் வராததற்கும் சேர்த்து
நன்றி சொல்ல என்னால் ஆகாது, ஆண்டவரே.
உப்புக்குச் சொல்கிறேன்.
நாற்பத்தாறு கிலோவாய் அவன் திரும்பியதற்கு,
கப்பல் தளத்தில் என் தோளைப் பிடித்தபடி
ஒவ்வொரு தீவின் பெயரையும்
எனக்குத் தெரியாதது போலச் சொல்லிக்கொண்டு வந்ததற்கு,
இரவில் என் பங்குப் போர்வையையும்
மறுபடி அவனே இழுத்துக்கொள்வதற்கு.

ஞாயிறு. சபைக்கூடம்.
நன்றி சொல்ல இங்கே யாரும் எழுந்து நிற்கலாம்.
எல்லாரும் எனக்காகவே இருமாமல் காத்திருந்தார்கள்.
மூன்றாம் பெஞ்சில் பில்லாவின் முதுகு.
என் முழங்கால் எழவில்லை.
என் வாயிலிருந்து வரும் எந்த ஸ்தோத்திரமும்
அந்த முதுகில் கல்லாய் விழும்.

பில்லா எழுந்தாள்.
திரும்பவில்லை.
"ஹெர்லூஃப் வந்திருக்கிறான்.
கர்த்தருக்கு நன்றி" என்றாள்.
உட்கார்ந்துவிட்டாள்.

எவ்வளவு நேரம் யாரும் பேசவில்லை என்று தெரியாது.
அப்புறம் யாரோ பாட்டைத் தொடங்கினார்கள்,
ரொம்பத் தாழ்ந்த சுருதியில்.
என் பையில் அந்தப் பாதிக் கையுறை,
ஊசியோடு.
கூட்டம் முடிந்ததும் அவளிடம் கொடுப்பதா,
நானே பின்னி முடிப்பதா என்று
இன்னும் தீர்மானிக்கவில்லை.

நீ கறுப்புக் கோட்டைத் தடவிக்கொண்டிருந்தாய்,
இப்போது அதில் உன்னைப் போல இருவர் நுழையலாம்.
குனிந்து என் காதில் கேட்டாய்:
"மர்யூன், இந்த ஒரு பொத்தானுக்கு மட்டும்
நூல் நீலமாயிருக்கிறதே?"

"பேசாமல் பாடு" என்றேன்.