நான்குமால்

பத்திர எழுத்தர் பழநியப்பன்
என் பெயருக்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தார்,
வயதை நானே போட்டுக்கொள்ளட்டும் என்று.
ஐம்பத்தேழு.
எழுதியதும் காகிதம் ஒருபுறம் தூக்கியது.
மின்விசிறிதான்.

பதினொரு புள்ளி, நாற்பத்துமூன்று கையெழுத்து.
கோலாலம்பூரிலிருந்து இரண்டு, கூரியரில்.
விலகிப்போன மருமகளிடம், மைனர் பிள்ளைக்காக,
ஆவடியில் மாடிப்படியில் நின்று வாங்கியது ஒன்று.
மிச்சம் நான்.

"உங்களுக்கு இதுல பங்கு ஒண்ணும் கிடையாது ஆச்சி"
என்றான் தம்பி சாத்தப்பன்.
"இல்லாத பங்கை விட்டுக்கொடுக்கத்தான் கையெழுத்து."
ஒரு பட்டுச்சேலைக்கு ஆவதைக் கவரில் வைத்திருந்தான்.
கவரில் பிள்ளையார், ஜிகினாவில்.

முப்பத்தோரு வருஷம் வங்கியில்
பிறத்தியார் வீட்டுப் பத்திரம் படித்தே சோறு தின்றவள் நான்.
பிறந்த வீட்டை வரிவரியாகப் பார்ப்பது இன்றுதான்.

'பிறர் தூண்டுதல் ஏதுமின்றி,
என் மனப்பூர்வமான சம்மதத்தின் பேரில்'
என்ற வரிக்கு நேர் கீழே
தம்பியின் ஆள்காட்டி விரல்
கையெழுத்திட வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டியது.
நகம் வெட்டவேண்டும் அவனுக்கு.

கதவு நிலை ஜன்னல் கிணறு,
மின் இணைப்பு, அதன் டெபாசிட் தொகை
எல்லாம் உட்பட.
பாசம் என்று சொன்னால் பொய்.
கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் திறக்கிற வீடு;
மற்ற நாளெல்லாம் வௌவால் வாடகையில்லாமல் இருந்தது.
என் கல்யாணத்துக்கு மறுநாள்
கக்கூஸ் வரிசையில் முக்கால் மணிநேரம் நின்றது
மறக்கவில்லை.

வாங்க வந்த ஈரோட்டுக்காரர்
ஐந்து ரூபாய் நாணயத்தால்
தூண்களைத் தட்டிக்கொண்டே போனார்,
தட்டிய இடத்தில் காது வைத்தார்.
இரண்டாம் கட்டில் ஒன்றிடம் மட்டும்
திரும்பி வந்து மறுபடி தட்டினார்.
"இது வேற மரம்."
எங்களில் யாருக்கும் தெரியாது.
நூறு வருஷமாய் அதே வரிசையில்
அதே பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.
விலையில் அதைக் கழித்துக்கொண்டார்.

அப்புறம் நான்குமால்.
கிழக்கே பெரிய வீதி. சரி.
மேற்கே ஊருணிக்குப் போகும் சந்து. சரி.
தெற்கே காசி வகையறா வீடு. சரி.
வடக்கே,
வீர. சுப. வீட்டுச் சுவருக்குத் தெற்கு.

பேனாவை மூடிவிட்டு எழுந்துபோய்ப் பார்த்தேன்.
சுவர் இல்லை.
நாலு வருஷத்துக்கு முன்னால்
உத்தரம் உத்தரமாய்ப் பிரித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள்.
கருவேலங்கன்று, உடைந்த வாஷ்பேசின்,
கோனாபட்டு வெயில் முழுதும்.

இல்லாத வீட்டுக்குத் தெற்கே
இருக்கிறதாம் எங்கள் வீடு.

"எல்லை தப்பு" என்றேன்.
பழநியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மூலப்பத்திரத்துல அப்படித்தாம்மா இருக்கு."
"லோனுக்கு வந்திருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்."
அதே சொத்து விவரம்தான் அத்தனையிலும்.
கோலாலம்பூர் மறுபடி. ஆவடி மாடிப்படி மறுபடி.
ஈரோட்டுக்காரர் வெளியே போய்
யாருக்கோ போன் போட்டார்.
திருமயம் ரிஜிஸ்தர் ஆபீசில்
எங்களுக்கு வாங்கிய டோக்கன் பதினேழு,
மேசையில் கிடந்தது.

அளந்து பார்த்துச் சொல்கிறேன், சாவியைக் கொடு என்றேன்.
சாத்தப்பன் என்னைப் பார்த்தான், எழுத்தரைப் பார்த்தான்,
கொடுத்தான்.
என் கைக்கு அது வருவது முதல் தடவை.
கைப்பையில் குறுக்கே கிடந்தது, ஜிப் மூடவில்லை.
கவர் அங்கேயே இருக்கட்டும்,
பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.

புதுக்கோட்டையில் பஸ் மாறும்போது
ஒரு ஹார்டுவேர் கடையில் ஏறினேன்.
பைக்குள் போன் அடித்து அடித்து
சாவியின் மேல் அதிர்ந்துகொண்டிருந்தது.
"ஐம்பதடி டேப் போதாதாம்மா?"

போதாது தம்பி.
தெருவில் நுழைந்தால் தெருவில் வெளியேறுகிற வீடு.
நூறடியே எடுங்கள்.