அசலோடு ஒப்பிட்டது

பத்தொன்பது வருடமாக என் வேலை
அடுத்தவர் கையெழுத்தைச் சந்தேகிப்பது.
மெடெயின் நகரம், நோட்டரி அலுவலகம், மூன்றாம் ஜன்னல்.
வீட்டுப் பத்திரம், விவாகரத்து,
பிள்ளையை வெளிநாடு கூட்டிப்போக அப்பனின் சம்மதம்,
எல்லாம் என் பூதக்கண்ணாடிக்குக் கீழே
ஒரு நிமிடம் மூச்சடக்கிக் கிடக்கும்.
பிறகு குத்துவேன்:
அசலோடு ஒப்பிட்டது. சரி.

என் வயிற்றுக்கு மட்டும்
அசல் எதுவென்று மறந்துவிட்டது.
இரட்டைப் பிள்ளைகள் காலி செய்துபோன வீடு.
பதினொரு வருடமாகத் திரைச்சீலை மட்டும் தொங்குகிறது.
நான் குனிவதற்கு முன்னால் அது குனிகிறது.

ஐந்தாம் ஜன்னல் எஸ்னேதா சொன்னாள்:
"என் மச்சினி செய்துகொண்ட இடத்துக்கே போ.
பாதி விலை. அரை நாள். வாடகைக் காரும் அவர்களே."

போனேன். பளிங்குத் தரை, நீரூற்று,
கூண்டில் ஒரு வெள்ளைக் கிளி.
டாக்டர் யெய்சனுக்குக் குடும்பப்பெயர் இல்லை,
பல் மட்டும் முப்பத்திரண்டும் இருந்தது.
என் வயிற்றைப் பார்க்கும் முன்பே
கால்குலேட்டரைப் பார்த்தார்.
"இன்றே கட்டினால் தொடை இலவசம்."
கறிக்கடைக்காரன்கூட
எலும்பைத்தான் இலவசமாகப் போடுவான்.

சுவரில் பதினேழு சான்றிதழ்.
பழக்கதோஷம், எழுந்து போய்ப் படித்தேன்.
ஒன்று வார இறுதிப் பயிற்சி.
ஒன்று உல்லாசக் கப்பலில் நடந்த கருத்தரங்கு.
பதினேழில் ஒன்றுகூட
அவர் அறுவை மருத்துவர் என்று சொல்லவில்லை.
ஆல்பத்தில் பத்துப் பெண்கள்,
பத்துப் பேருக்கும் ஒரே தொப்புள்.

என் தொழிலில் முதல் பாடம் இது:
அச்சு அசலாக இருக்கும் இரண்டு கையெழுத்தில்
ஒன்று பொய்.

"மயக்க மருந்து யார் தருவார்?" என்றேன்.
"நம்ம பொண்ணுதான்."
நம்ம பொண்ணு
கிளிக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு மகனின் கணினியில்
அரசுப் பதிவேட்டைத் திறந்தேன்.
யெய்சன்: பொது மருத்துவர். அதற்குக் கீழே வெள்ளை.
அழகியல் அறுவை நிபுணர்கள் சங்கத்தின் பட்டியலில்
நம் பேருந்துத் தடத்தில் ஆறு பெயர்.
ஆறு பேரிடமும் ஒன்றே கேட்டேன்:
எந்த ஆஸ்பத்திரி உங்களுக்கு
அறுவை அரங்கின் கதவைத் திறந்துவிடும்?
இருவர் போனை வைத்துவிட்டார்கள்.

டாக்டர் எச்செவெர்ரியின் அறையில் மின்விசிறி கிறீச்சிட்டது.
வெயிலில் வெளுத்த ஒரே சான்றிதழ்.
எண்ணைக் குறித்துக்கொண்டேன்.
பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?"
"நாலு."
"உண்மையில்?"
"ஒன்பது."

அவள் ஆல்பத்தில் தழும்புகள் கோணலாக இருந்தன,
தொப்புள்கள் அவரவருடையவை.
பேனா மூடியால் என் வயிற்றில் கோடு இழுத்துக் காட்டினாள்,
இந்த இடுப்பெலும்பிலிருந்து அந்த இடுப்பெலும்புவரை.
"இது மங்கும். மறையாது."
ரத்தக்கட்டு, சீழ், மறுபடி திறப்பது.
"எனக்கே இரண்டு முறை நடந்திருக்கிறது.
புகையை நிறுத்துங்கள். ஆறு வாரம் கழித்து வாருங்கள்,
அதற்குள் மனசு மாறினால் வராதீர்கள்."

கோபத்தோடுதான் இறங்கினேன்.
பணத்தோடு போனவளைத் திருப்பி அனுப்புகிறாளே!
பேருந்து நிறுத்தத்தில் இரண்டு சிகரெட் பிடித்தேன்.

மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை,
எஸ்னேதாவின் அண்ணன் ஜன்னலுக்கு வந்தார்.
மனைவி எழுதிய அதிகாரப் பத்திரம்,
அவள் பெயரிலிருந்த மோட்டார்சைக்கிளை விற்க.
கையெழுத்தை ஒப்பிட்டேன். பொருந்தவில்லை.
"படுத்துக்கொண்டே போட்டாள்," என்றார்.
"உட்கார முடியவில்லை."

விதிப்படி நேரில் போனேன்.
நான்காம் மாடி, ஜன்னல் ஓரக் கட்டில்.
பெயரின் நடுவே பேனா நின்றது, மூச்சு வாங்கிற்று,
மீண்டும் கிளம்பிக் கீழே சரிந்தது.
வாழ்க்கையில் முதல்முறையாக
பூதக்கண்ணாடியை எடுக்காமல் குத்தினேன்.
அந்தச் "சரி" எதைச் சொல்கிறதென்று
இன்றும் எனக்கு விளங்கவில்லை.
எஸ்னேதா ஐந்தாம் ஜன்னலில்
என் பக்கம் திரும்பாமல் எழுதிக்கொண்டே இருக்கிறாள்.

இன்று முப்பத்தொன்பதாம் நாள்.
சிகரெட் இல்லை, கை சும்மா இருக்க மறுக்கிறது.
எச்செவெர்ரி கொடுத்த ஒப்புதல் படிவம்
மேசை இழுப்பறையில், முத்திரைக் கட்டைக்கு அருகில்.
மூன்று முறை படித்துவிட்டேன்.
நான் ஒப்பமிட வேண்டிய இடத்தில்
இப்போதைக்கு
ஒரு பென்சில் புள்ளி.