எட்டாவது ஆள்

நுவரெலியாவில் மூன்று நாளாக மழை.
பிராக்கிலிருந்து வந்த எட்டுப் பேரும்
மேசை விளக்குகளின் தலையில்
ஈரக் காலுறை காயப்போட்டிருந்தார்கள்.
எடுத்து மடித்தது நான்.

எட்டில் ஒருத்தி வ்லாஸ்தா.
சிவனொளிபாதமலைப் படியில் இறங்கும்போது
கணுக்கால் பிசகிவிட்டது.
இவர்கள் ஆட்டத்துக்கோ நாலு சோடி வேண்டும்,
சதுரத்தின் பக்கத்துக்கு ஒன்றாய்.
ஏழு பேரோடு சதுரம் போட்டால்
எங்கள் தோட்டத்தில் அதற்கு அரைப்பேர் என்று சொல்வோம்.
கிலோ குறைந்த நாளில் அம்மாவுக்கு விழுமே, அது.

யித்காதான் வந்து கேட்டாள்.
நான் மெழுகுத் துணியோடு முழங்காலில் இருந்தேன்.
விருந்தாளி கேட்டால் இல்லை என்கிற சொல்
இந்த ஹோட்டலில் இல்லை என்று
மனேஜர் அபேகோன் சிங்களத்தில் சொன்னார்.
பிறகு எனக்காகத் தமிழில் சிரித்தார்.

பெசேதா என்றால் கூடியிருந்து பேசுவதாம்.
நூற்றறுபது வருஷத்துக்கு முன்னே
நாட்டுப்புறத்து ஆட்டங்களைப் பொறுக்கியெடுத்து,
கையுறை மாட்டி,
மெழுகுத் தரைக்குக் கூட்டிவந்தார்களாம்,
தங்கள் பாஷையில் பேசிக்கொள்ள ஒரு சாக்காக.
ஒல்த்ரிஹ் சொல்லி முடித்து என் கைகளைப் பார்த்தார்.
கையுறை எனக்கும் இருந்தது.
மஞ்சள் ரப்பர்.
கழற்றினேன்.

இந்தத் தரையை எனக்குத் தெரியும்.
பியானோ பக்கத்து மூன்றாம் பலகை முனகும்.
ஜன்னலடியில் ஈரத்துக்கு உப்பிய இடம்.
துரைமார் காலத்துக் கீறல் ஒன்று
எந்த மெழுகுக்கும் மசியாது.
ஏழு வருஷம் முழங்காலால் நடந்த தரையில்
அன்றைக்குத்தான் நிமிர்ந்து நின்றேன்.

இசை ஒல்த்ரிஹின் ஃபோனிலிருந்து வந்தது,
நடுவே ஒரு பற்பசை விளம்பரமும்.
என் சோடி போஹுமில், என்னைவிட இரண்டு தலை உயரம்,
ஓய்வுபெற்ற ட்ராம் ஓட்டுநர்,
டவுனில் வாங்கிய சித்தாலேப மணம் முதுகெல்லாம்.
செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு பள்ளிக்கூடத்தில்
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே ஆடுவார்களாம்.
கை மாற்று. சுற்று. திரும்பி வா.
ஐஸ் கட்டிய காலை ஸ்டூலில் நீட்டியபடி
வ்லாஸ்தா இடது இடது என்று கத்தினாள், செக்கில்.
கத்தினால் இடது எந்தப் பாஷையிலும் புரிகிறது.

அப்புறம் ஃபூரியான்ட்.
வீறாப்புக்காரனின் ஆட்டம் என்றாள் யித்கா.
இசை மூன்று மூன்றாய்ப் போகும்,
கால் இரண்டு இரண்டாய் மிதிக்கும்.
புதுசாய் வருபவர்கள் இங்கேதான் விழுவார்கள், பார்த்துக்கொள்.

இரண்டு, இரண்டு, இரண்டு,
மூன்று, மூன்று.

நான் விழவில்லை.
தராசு ஒன்று சொல்லும், புத்தகம் வேறொன்று சொல்லும்.
சாக்குக்கென்று இரண்டு கிலோ, தண்ணிக்கென்று ஒன்று.
பன்னிரண்டு வயதில் கொழுந்து மடுவத்தில் நின்று
உதடு அசையாமல்
இரண்டு கணக்கையும் ஒரே மூச்சில் எண்ணியவள் நான்.
மூன்றென்று எழுதி இரண்டென்று மிதிப்பது
எனக்குப் பாதி தெரிந்த ஆட்டம்.
தெரியாத பாதி,
மிதிப்பது நாமாக இருப்பது.

போஹுமில் தடுமாறினார். நான் இழுத்துக்கொண்டு போனேன்.

நாலாம் பாகத்தில் வ்லாஸ்தாவால் பொறுக்க முடியவில்லை.
ஒற்றைக் காலில் குதித்து வந்து
என் மறு கையைப் பிடித்துக்கொண்டாள்.
ஒன்பது பேர்.
சதுரம் கோணிப்போய் என்னமோ ஒரு வடிவமாயிற்று.
யாரும் நிறுத்தவில்லை.
சமையல்கட்டுக் கதவில் நாலு தலைகள்.

மறுநாள் மேலதிக நேரப் படிவத்தில் எழுதினேன்:
சுலோசனா. நாற்பது நிமிடம்.
செய்த வேலை: பெசேதா.
அபேகோன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார்.
நாற்பதை அடித்து முப்பதாக்கினார்.

அவர் திருத்தியது பென்சிலில்.
எனக்கு முன்னே ஆட்டக்காரர்களின் பஸ்
புகை கக்கிக்கொண்டு நானுஓயா பக்கம் திரும்பியது.
கவுண்டரில் பேனா கட்டியிருந்த நூல் கொஞ்சம் குட்டை.
இழுத்துப் பிடித்து,
முப்பதின் மேலேயே
நாற்பது என்று எழுதினேன்.