இரண்டாவது அசையவில்லை

கட்டபெட்டு தேயிலை ஆலை.
ரோலர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு
மாடியைத் தாங்கும் இரும்பு உத்தரத்தை
ரப்பர் சுத்தியலால் தட்டினேன்.
மெழுகில் ஒட்டிய சென்சார் கேட்டுக்கொண்டது.

முதல் அதிர்வெண்
போன மாசிக்கு அரை ஹெர்ட்ஸ் கீழே.
"குளிருதானே" என்றார் மேஸ்திரி போஜன்.
குளிரென்றால்
இரண்டாவதும் நகர்ந்திருக்கும்.

உத்தரம் இரண்டாம் விதமாய் ஆடும்போது
ஆடாத புள்ளி ஒன்றுண்டு,
நட்டநடுவில்.
அங்கே விழுந்த விரிசல்
அந்த ஆட்டத்துக்குத் தெரியாது.

ஏணி போட்டு நடுவில் பெயிண்டைச் சுரண்டினோம்.
மயிரிழை.
போஜன் கட்டைவிரலை அதன்மேல் வைத்து
"இப்ப தட்டுங்க" என்றார்.

தட்டினேன்.

"மூச்சு விடுது."

மேலே நாலு டன் கொழுந்து
வாடிக்கொண்டிருந்தது.
அவர் செருப்பைக் கழற்றிவிட்டு
மெதுவாக மாடியேறினார்,
ஆட்களைக் கீழே அனுப்ப.