கதவுக்குக் கீழே

கழுதைப்பாறை ஓடையில்
ஜீப்பின் இடது கதவுக்குக் கீழே தகடு நசுங்கியது
ஆடிப் பதினெட்டு அன்றைக்கா, முந்தின நாளா
என்பதில்தான் வழக்கு.
பதினெட்டு என்றால் ஓட்டியது நான்.
முந்தின நாள் என்றால் மச்சினன் செல்லக்கண்ணு.

ஆளுக்குப் பாதி வண்டி.
ஆளுக்குப் பாதி தவணை.
நசுங்கலில் மட்டும் யாருக்கும் பங்கில்லை.

கதவு திறக்காமல்
எஸ்டேட் கணக்கர் ஜன்னல் வழியாக இறங்கினார்,
வேட்டி நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு.
சிரிக்காமல் இருக்க
நான் மலையைப் பார்த்தேன்.
செல்லக்கண்ணு டயரைப் பார்த்தான்.

பக்கவாட்டுக் காப்புக் கம்பி
கம்பெனியில் செய்தது, மதுரையில் கிடைக்கும்,
பதினாறாயிரம் என்றார்கள்.
எத்தனை மூட்டை எலுமிச்சை என்று
நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கையில்
அவன் எழுந்து போய்
மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த குழாயை
ஓர் உதை உதைத்துப் பார்த்தான்.
ணங் என்றது.

எழுநூற்று எண்பது அடி போர்.
இரண்டு கோடை தண்ணீர் தந்தது,
மூன்றாவதில் காற்றைத் துப்பியது.
மோட்டாரை விற்றோம். ஒயரை விற்றோம்.
இரண்டு இஞ்ச் குழாயை மட்டும்
விற்கலாம் என்று அவனும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.
அந்தப் போருக்காக அடகு போய்த் திரும்பாத வளையல்
அவனுக்கு அக்கா வளையல்,
எனக்கு வீட்டுக்காரி வளையல்.

சாப்டூர் விலக்கில் பட்டறை மெய்ஞானம்
வண்டிக்கு அடியில் படுத்தபடியே சொன்னான்:
"பாடியில ஒட்டுனா அடி பாடிக்குத்தான் போகும்.
சேசிஸ்ல கை நீட்டி ஒட்டணும்.
வெள்ளைப் பூச்சைத் தேய்ச்சு எடுத்துட்டு வாங்க,
போன தடவை அந்தப் புகைக்கு
ராத்திரி பூரா குளிர்க் காய்ச்சல் எனக்கு."

தேய்த்தோம்.
நான் கிரைண்டர், அவன் பிடி.
பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்தோம்.
டீசல் டேங்கின் மேல் நனைத்த சாக்கு.
"அரை இஞ்ச்."
"இன்னும்."
"போதும்."
பதினைந்து நாளில் நாங்கள் பேசிய பேச்சு
மொத்தமே அவ்வளவுதான்.

குழாயை அறுத்தபோது
உள்ளிருந்து செம்பொடி கொட்டியது.
ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தான்.
அதைப் பார்க்காதவன் மாதிரி
நான் மறுபடி கிரைண்டரைப் போட்டேன்.

வெல்டிங் பற்றும்போதெல்லாம்
எதிர்க் கடை பல்பு மங்கியது.
டீக்கடைக்காரர் மூன்று முறை வந்து திட்டிவிட்டு
நான்காம் முறை
கறுப்புக் கண்ணாடியை வாங்கித் தானும் பார்த்தார்.

இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பத்திரண்டு கிலோ.
"நடைக்கு ஒரு மூட்டை குறையும்" என்றான்.
குறையும்.
யார் பங்கில் என்று
அவனும் கேட்கவில்லை.

மறுநாள் அதே ஓடை.
நான் ஸ்டியரிங்கில்; அவன் முன்னால் நடந்து
கையால் வா வா என்கிறான், நில் என்கிறான்,
எது வா எது நில் என்று
இன்றுவரை எனக்குப் பிடிபடாத கை.
இடது டயர் பாறையை விட்டு வழுக்கியது.
வண்டி மொத்தமும் கதவுக்குக் கீழே உட்கார்ந்து
அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுகிற மாதிரி
கர்ரென்று நீளமாக ஒரு சத்தம்.
என் பல் கூசியது.
ஆனாலும் நிற்கவில்லை,
சறுக்கிக்கொண்டே போய்
அந்தப் பக்கம் தொப்பென்று இறங்கியது.

கதவைத் தள்ளினேன். திறந்தது.
மூடினேன். திரும்பவும் திறந்தேன்.

அவன் குனிந்து குழாயைப் பார்த்தான்.
ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் போய்
இரும்பு வெளுத்துக் கிடந்தது.
எச்சில் தொட்டுத் துடைத்தான், போகவில்லை.
நிமிர்ந்து என் முகத்துக்கு நேரே சொன்னான்:

"எழுதி வச்சுக்கங்க மச்சான்.
ஆவணி மூணு.
ஓட்டுனது நீங்க."