ஐந்தில் இரண்டு

சனிக்கிழமை இரவு மூன்று தரம்
நண்டுக்கறி கேட்டு வாங்கினான், வெள்ளவத்தை ரிஷிகரன்.
காலை உறிஞ்சிய சத்தம்
டைக் வீதி முனைவரை கேட்டிருக்கும்.
"அக்கா, உங்கட கைக்குத் தங்கக் காப்புப் போட வேணும்."
ஞாயிறு காலை பஸ் ஏறினான்.
கந்தளாய் தாண்டியிருக்க மாட்டான்,
ஃபோன் சிணுங்கியது:
ஐந்து நட்சத்திரத்தில் இரண்டு.

தமிழில் சாப்பிட்டவன்
ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்.
மொழிபெயர்க்கும் பொத்தானை அமுக்கினேன்.

"கடல் மிகவும் சத்தமாக உள்ளது.
குளியலறை நீர் உப்பு.
மான் எனது துவாயைச் சாப்பிட்டது.
தொகுப்பாளர் அதிகம் பேசுகிறது."

பேசுகிறது.
நாற்பத்தெட்டு வயதில்
அஃறிணையானேன்.

துவாயைக் கொடியில் போடாதேயும் தம்பி என்று
வந்து இறங்கிய அன்றே சொன்னேன்.
ஒருவேளை
அதைத்தான் அதிகம் என்கிறானோ.

பக்கத்து விடுதி நிஸ்மியா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.
"உடுங்க மலர். காகம் வெள்ளன எழும்புது எண்டு
எனக்கொரு ஆள் ஒத்த நட்சத்திரம் போட்ட."
சிரித்தோம்.
அவள் தலை மறைந்ததும் மறுபடி வாசித்தேன்,
ஒன்பதாம் தரம்.

பதில் எழுதினேன்:
கடலிடம் சொல்லிவிட்டேன், யோசிப்பதாகச் சொன்னது.
அழித்தேன்.
மூன்று தரம் நண்டு
அழித்தேன்.
நன்றி. மீண்டும் வாருங்கள்.
இரண்டாவதை மட்டும் அழித்து
அனுப்பினேன்.

இரவு குளியலறைக் குழாயைத் திறந்து
ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன்.
பதினொரு வருடமாக இதில்தான் குளிக்கிறேன்.
உப்புத்தான்.
அவன் பொய் எழுதவில்லை;
அதுதான் இரண்டு நாள் நித்திரையைத் தின்றது.

செவ்வாய், மட்டக்களப்பிலிருந்து ஒரு சோடி.
குளியலறையில் நல்ல தண்ணீர் இரண்டு வாளி,
தட்டால் மூடி வைத்தேன்.
சாவி. சுவிட்ச். ஃபேன்.
உதட்டை மடித்துக்கொண்டு திரும்பினேன்.
குச்சவெளியில் யாரிடம் கருவாடு,
புறாத்தீவுக்கு எந்தப் படகுக்காரன் நியாயமான காசு,
எத்தனை மணிக்குக் கடல் நிறம் மாறும்
எல்லாம் தொண்டைக்குள்
டோக்கன் எடுத்துக் காத்திருந்தன.

அரை மணி இல்லை, அந்தப் பெண் கத்தினாள்.
கொடியில் அவளுடைய நீலச் சேலை.
முந்தானையை மென்றுகொண்டு புள்ளிமான்,
முற்பணம் கட்டிய விருந்தாளி போல
நிதானமாக.

ஓடினேன்.
ஒரு நுனியை அவள் பிடிக்க
நடுவில் நான் இழுக்க
"இது கோட்டைப் பக்கத்து ஆள், தங்கச்சி,
இடக் காது கிழிஞ்சிருக்குப் பாருங்கோ,
அது எப்பிடியெண்டால்..."

நான் முடித்தபோது
மூன்று பேரின் தேத்தண்ணியும் ஆறியிருந்தது.
அவர்கள் வியாழன் போனார்கள்.
வெள்ளி, சனி.
அவள் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.