ஆளுக்கு இருபது வெள்ளி

ஏப்ரல் கடைசி வாரம்.
பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
என் கடைக்கு மட்டும் திருவிழா.
ஒரு கணினி, ஒரு அச்சு இயந்திரம்,
மூன்றாம் எண்ணில் வைத்தால் இருமுகிற காற்றாடி.
வாசல் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியிருக்கிறேன்:
வருமான வரி, உதவித்தொகை மனு
ஆளுக்கு இருபது வெள்ளி.

நேற்று மத்தியானம்
அப்பாவும் தம்பியும் ஒரே பெஞ்சில்.
நடுவில் ஹெல்மெட்.

தர்வின்தான் ஆரம்பித்தான்.
"இருபத்தஞ்சாயிரத்துக்கு வீடு கெடச்ச ஆளுங்க நீங்க.
அதே வரிசையில மூல வீடு இப்ப என்னா வெல தெரியுமா?
மொத பந்தியில ஒக்காந்து
பாயசம் வரைக்கும் சாப்ட்டு எந்திரிச்சிட்டீங்க.
எல எடுக்க மட்டும் எங்கள கூப்புடுறீங்க."

அப்பா ஹெல்மெட்டைப் பார்த்துப் பதில் சொன்னார்.
"அப்ப எனக்கு நாள் சம்பளம் எவ்ளோன்னு கேளு.
மழ பேஞ்சா அதுவும் இல்ல.
லண்டன்ல ரப்பர் வெல எறங்குனா
இங்க எங்க வீட்டு அடுப்பு எறங்கும்.
பத்து வெள்ளி கொடுத்து ஐஸ் தண்ணி குடிக்கிறவனுக்கு
பந்தி பேச்சு."

எவ்வளவு என்று தம்பி கேட்கவில்லை.
நானும்தான்.

இரண்டு பேர் காகிதமும் என் மேசையில்.
அப்பாவுக்கு வரி எண் கிடையாது.
வரி கேட்கிற உயரத்துக்கு
ஒரு வருஷமும் அவர் சம்பளம் எம்பியதில்லை.
அவர் போட்ட வரியெல்லாம் மரப்பட்டையில்.
தம்பிக்கு எண் உண்டு.
சோற்றுப் பொட்டலம் சுமந்த கணக்கையெல்லாம் கூட்டி,
படிப்புக் கடன் தனியே நிற்க,
கடைசிக் கட்டத்தில் சுழியம் வந்தது.
ஆனாலும் சவர்க்காரத்துக்குக் கட்டுகிறார்கள்,
சிகரெட்டுக்கு, டயருக்கு, கைப்பேசிக்கு,
விலைக்குள்ளேயே ஒளிந்திருப்பதால்
யாரும் அதைப் படிவத்தில் கேட்பதில்லை.

அப்போதுதான் ஷர்வேந்திரன் வந்தான்.
தம்பியோடு ஒரே வகுப்பு.
அவன் அப்பா தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்த குத்தகைக்காரர்,
தை மாதம் தவறிவிட்டார்.
ஆறு கடைவீடு, இருபது ஏக்கர் செம்பனை.
ஆறில் ஒன்று, நான் உட்கார்ந்திருக்கும் இது.

தம்பி ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு
"ஒக்காரு மச்சான்" என்றான்.
அப்பா எழுந்து நின்றார்.
யாரும் சொல்லவில்லை.
முட்டி வலியோடு, சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தபடி
இருபத்தொன்பது வயதுப் பையனுக்கு
எழுந்து நின்றார்.

"அக்கா, அப்பா உட்டுட்டுப் போனத எங்க எழுதணும்?"
"எங்கயும் வேணாம். வாடகைய மட்டும் எழுது.
சொத்து கைமாறுறதுக்கு இருந்த வரிய
நீ பொறக்கறதுக்கு முந்தியே எடுத்துட்டாங்க."
"நல்லதாப் போச்சு" என்றான்,
மழை விட்டதற்குச் சொல்வதுபோல்.
கெட்ட பையன் இல்லை.
கைப்பேசியைக் காட்டினான், பீப் என்றது.
இருபது வெள்ளி.

அவன் கார் திரும்பியதும்
பந்தியும் ஐஸ் தண்ணியும்
விட்ட இடத்திலிருந்து தொடங்கின.

நான்கு மணிக்குக் கிளம்பினார்கள்.
ஒரே ஹெல்மெட்.
தம்பி அதை அப்பா தலையில் கவிழ்த்து
தாடையில் வாரை இறுக்கினான், கொஞ்சம் அதிகமாகவே.
உள்ளே ஒன்றும் கேட்காது.
ஆனாலும் அவர் கத்திக்கொண்டுதான் போனார்.
சமிக்ஞை விளக்கு வரைக்கும்
இருபத்தஞ்சாயிரம், இருபத்தஞ்சாயிரம் என்று
இரண்டு குரலில் கேட்டது.

கடை சாத்தும்போது பலகையைப் பார்த்தேன்.
ஈரத் துணியால் "ஆளுக்கு" என்பதை அழித்தேன்.
அந்த இடத்தில் என்ன எழுதலாம் என்று
சுண்ணக்கட்டி விரலில் கரையும்வரை நின்றேன்.

ஒன்றாம் தேதி வாடகை.

அழித்ததையே திரும்ப எழுதினேன்,
எழுத்து கொஞ்சம் கோணலாக.